வாயிலில் நிற்கும் தந்தையர்



பிழைப்பை நாடிச் சென்னைக்கு வரும் தந்தை, உற்றாரையும் மைத்துனரையும் ஊரிலேயே விட்டு வருகிறார். பிள்ளையின் வளர்ச்சி தடைப்படும்போதும், குடிப்பழக்கம் தம்மை விழுங்கும்போதும் மனம்விட்டுப் பேச அவருக்கு ஆளில்லை.

ஆயினும் துணையே இல்லாத நகரன்று இது. மூளை முடக்குவாதமுற்ற சிறாருக்காக 1985-இல் தொடங்கப்பெற்று, இன்று வித்யா சாகர் எனப்படும் நிலையம் பெற்றோரையும் பயிற்சியில் இணைத்துக்கொள்கிறது. குடியை விட விழைவோர்க்கென, 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் குழுக்கள் இங்கும் கட்டணமின்றிக் கூடுகின்றன. வாழ்வே வேண்டாமெனத் தளர்வோர்க்கு 1986 முதல் ஸ்நேகா செவிசாய்க்கிறது. பங்கிலோ, அன்பியம் அண்டை வீட்டாரையே ஒன்றுசேர்க்கிறது.

ஆனால் நாம் காண்பதென்ன? உள்ளே தாய்மார் கூடியிருக்க, தந்தையர் வாயிலில் வண்டியருகே காத்து நிற்கின்றனர். பொருளீட்டுவதோடு கடமை முடிந்ததென்றும், துயரைச் சொல்வது ஆண்மைக்கு இழுக்கென்றும் எண்ணுகின்றனர். சொல்லாத துயரோ வீட்டில் சினமாக வெடிக்கிறது. அதைத் தாங்குவோர் பிள்ளைகளே.

தந்தையரே, அடுத்த கூட்டத்திற்கு உள்ளே சென்று அமருங்கள். முதல் நாளே பேச வேண்டுவதில்லை, கேட்டாலே போதும். உங்கள் பாரத்தை ஒத்ததையே இன்னொருவரும் சுமப்பதை அங்கே காண்பீர்கள். உள்ளே இருப்போரும், வாயிலில் நிற்பவரை அழைக்க மறவாதீர்.