முன் ஃபோர்க்குக்கும் ஒரு மறுகால் வேணும்

எங்க வீட்டம்மாவுக்கு மழை வந்தா வலது மணிக்கட்டு இன்னைக்கும் வலிக்கும். அதுக்கு ஒரு காரணம் பைக் ஃபோர்க்குல ஊத்தின எண்ணெய்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. நானும் முதல்ல நம்பல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல எங்க பக்கம் பெய்த மழையை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தெரியாம ஓடிச்சு. சேரன்மகாதேவிப் பக்கம் எங்க ஊர்ல, தொழுவத்துல நின்ன என்னோட நூறு சிசி பைக் ஹெட்லைட் வரைக்கும் சகதித் தண்ணியில முங்கிப் போச்சு.

வெள்ளம் வடிஞ்சதும் ஒர்க்‌ஷாப் வாசல்ல கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வண்டிங்க வரிசை. என் வண்டியோட முன் ஃபோர்க்கைத் திறந்தப்போ எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்து வந்துச்சு. தண்ணி கலந்துட்டா அப்படித்தான். அதை வடிச்சிட்டு, பழைய டம்ளர்ல மோந்து ரெண்டு பக்கமும் கண்ணளவா ஊத்தி மூடினாங்க. நானும் பக்கத்துல நின்னு, "சீக்கிரம் முடிங்க, மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போகணும்"னு அவசரப்படுத்தினேன். அதனால பழியில பாதி எனக்கும் உண்டு.

மாசி மாசம், வாழைக்கு வாங்கின 45 கிலோ யூரியா மூட்டையை டேங்க் மேல வச்சு, பின்னால வீட்டம்மாவை உக்கார வச்சு வந்துக்கிட்டிருந்தேன். பெயின்ட் போகாத வேகத்தடை ஒண்ணு திடீர்னு முன்னால வந்துச்சு. பிரேக் போட்டேன். முன்பக்கம் மண்டி போட்ட மாடு மாதிரி பொசுக்குனு இறங்கி, 'டங்'குனு இரும்பும் இரும்பும் இடிச்ச சத்தம். ஹேண்டில்பார் ஒரு பக்கமா வெட்டுச்சு. அவ கீழே விழுந்து கையை ஊணினதுல மணிக்கட்டு எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. எங்க மாடு என்னைப் பீச்ச விடாது. பக்கத்து வீட்டு அக்கா தயவுல ஒரு நேரம் பால் கறந்துச்சு, அடுத்த நேரம் இல்ல.

பாரம் அதிகம், வேகமும் கொஞ்சம் அதிகம். அதை நான் மறைக்கல. ஆனா அதே பாரத்தோட, அதே வழியில, பத்து வருசமா வந்திருக்கேன். வண்டி அப்படி இறங்கினது இல்ல.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்த மச்சினன், கோயம்புத்தூர்ல மெக்கானிக். அக்கா கையைப் பாத்தவன் நேரா வண்டிகிட்டப் போயி ஃபோர்க் மூடியைக் கழட்டி, ஒரு குச்சியை விட்டுப் பாத்தான். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ரெண்டு விரக்கடை வித்தியாசம். ரெண்டுமே இருக்க வேண்டிய மட்டத்துக்குக் கீழே.

"அத்தான், எவ்வளவு ஊத்தினோம்ங்கது பெருசு இல்ல. எம்புட்டு உசரத்துல நிக்குதுங்கதுதான் கணக்கு"ன்னான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்லுதேன். ஃபோர்க்குக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, கீழே எண்ணெய் இருக்கு, எண்ணெய்க்கு மேல காத்து அடைபட்டு இருக்கு. பள்ளத்துல விழும்போது எண்ணெய் சின்னத் துளை வழியாப் புகுந்து வேகத்தை அடக்கும். இது 1935-லேயே ஜெர்மனிக்காரன் பிஎம்டபிள்யூ வண்டியில போட்ட ஏற்பாடு. ஆனா மேல இருக்கிற காத்தும் ஒரு ஸ்பிரிங்தான். சைக்கிள் பம்பு வாயை விரலால பொத்திக்கிட்டு அமுக்கிப் பாருங்க, தெரியும். எண்ணெய் குறைஞ்சா காத்துக்கு இடம் பெருசு, முன்பக்கம் லேசா இறங்கி அடியில போய் இடிக்கும். எண்ணெய் கூடினா காத்துக்கு இடம் சிறுசு, ஃபோர்க் கல்லு மாதிரி இறுகும். அழுத்தம் தாங்காம ஆயில் சீல் கசியும்.

கூடுதல் குறைச்சல் எவ்வளவுன்னு கேக்கீங்களா? குழாயோட உள்விட்டம் 26 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க. அதுல 10 மில்லி எண்ணெய் கூடினா மட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் ஏறும். இருமல் மருந்து மூடியில ஒரு மூடி எண்ணெய், ஒரு விரக்கடை உசரம்! டம்ளரை வச்சு இதை எப்படிப் பிடிக்க முடியும்? அளவு ஜாடியில அளந்து ஊத்தினாலும், பிரிச்சுக் கழுவாத ஃபோர்க்குல பழைய எண்ணெய் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அது இடதுல ஒரு அளவு, வலதுல ஒரு அளவு.

இதுக்கு அவன் செஞ்ச கருவியைப் பாத்துத்தான் நான் அசந்துட்டேன். மெடிக்கல் கடையில வாங்கின 50 மில்லி ஊசிக்குழல், ஊசி இல்லாம. மாட்டுக்கு குளுக்கோஸ் ஏத்தின டியூப்ல ஒரு துண்டு. ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில கெடச்ச மெல்லிசு செம்புக்குழாய் ஒரு முழம். என்னோட அறுந்த ரப்பர் செருப்பை வட்டமா வெட்டி, நடுவில துளை போட்டு, செம்புக்குழாயை இறுக்கமாச் சொருகினான். அவ்வளவுதான். நூறு ரூவாய்க்கு மேல ஆகல.

வேலை இப்படி. முன்சக்கரம் தூக்கி நிக்கிற மாதிரி வண்டிக்கு நல்லா முட்டுக் கொடுக்கணும். மூடியைக் கழட்டும்போது ஸ்பிரிங் துள்ளும், முகத்தைக் காட்டாதீங்க. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பழைய எண்ணெயை வடிச்சு, புது எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாவே ஊத்தணும். ஃபோர்க்கை நாலஞ்சு தடவை மெதுவா ஏத்தி இறக்கினா உள்ள மாட்டின காத்து குமிழியா வெளியே வரும். பிறகு ஃபோர்க்கை முழுசா அமுக்கி, செங்குத்தா நிறுத்தி, குமிழி அடங்குற வரைக்கும் விடணும். வாயிலிருந்து எண்ணெய் எத்தனை மில்லிமீட்டர் கீழே நிக்கணும்னு வண்டிக் கையேட்டுல போட்டிருந்தா, ரப்பருக்குக் கீழே குழாய் அத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும். ரப்பரை ஃபோர்க் வாயில உக்கார வச்சு ஊசிக்குழலை இழுத்தா, மிச்ச எண்ணெய் மேல வரும். மட்டம் குழாய் நுனிக்கு வந்ததும் வெறும் காத்துதான் வரும். நீங்க எவ்வளவு இழுத்தாலும் அதுக்குக் கீழே ஒரு சொட்டு வராது. அடுத்த பக்கத்துக்கும் ரப்பரை அசைக்காம அதே அளவு.

பாத்துக்கிட்டே இருந்த எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இது எங்க குளத்து மறுகால் இல்லாம வேற என்ன?

பட்டணத்துல பிறந்தவங்களுக்கு மறுகால் தெரியாம இருக்கலாம். குளம் நிறைஞ்சதும் உபரித் தண்ணி வழியிற இடம் அது. கல்லைக் கட்டி மட்டம் வச்சிருப்பாங்க. எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு யாரும் குடம் குடமா எண்ண வேண்டாம். கல்லு மட்டத்துக்கு மேல வந்தது அடுத்த குளத்துக்குப் போயிரும், மட்டத்துக்குக் கீழே உள்ளது நமக்கு நிக்கும். கன்னடியன் கால்வாய்க்காரங்க நாங்க, பாபநாசம் அணையையும் அடியிலதான் கேப்போம். மொத்தம் 143 அடியில இன்னைக்கு எத்தனைன்னுதான் டீக்கடையில பேச்சு. தண்ணியை மட்டத்தால அளக்கிற ஊர்ல பிறந்துட்டு, எண்ணெயை டம்ளரால அளந்திருக்கேன்.

வீட்டம்மா கட்டுப் போட்ட கையோட திண்ணையில உக்காந்து கேட்டா: "உரத்துக்கு அளவு பாக்கீங்க, புண்ணாக்குக்கு அளவு பாக்கீங்க, ஆள் ஏறிப் போற வண்டிக்கு மட்டும் குத்துமதிப்பா?" பதில் இல்ல என்கிட்ட.

'நூறு சிசி வண்டிக்கு எதுக்கு இந்த நுணுக்கம், இதெல்லாம் ரேஸ்காரன் பாக்கிறது'ன்னு சிலர் சொல்லுதாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ரேஸ்காரன் நல்ல ரோட்டுல ஒத்தையா ஓட்டுறான். நாங்க குழிக்குள்ள ரோட்டைத் தேடி, மூட்டையோட, பொண்டாட்டி பிள்ளையோட ஓட்டுறோம். அளவு யாருக்கு அதிகம் வேணும்?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல. வாட்டர் வாஷுக்கும் பாலிஷுக்கும் கேட்ட காசைக் கொடுக்கிற நாம, ஃபோர்க்குக்கு அரை மணி நேரம் கூட ஆகும்னா முகத்தைச் சுளிக்கோம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு கொடுக்கப் பழகினாத்தான் அந்த வேலை நடக்கும். அடுத்த சர்வீஸ்ல நீங்க ரெண்டே கேள்வி கேளுங்க. ஃபோர்க் ஆயில் கடைசியா எப்போ மாத்தினது? ஊத்தின பிறகு ரெண்டு பக்கமும் மட்டம் பாத்தீங்களா? கேட்டு வாங்குற வேலைக்குத் தனியாக் கூலி கொடுங்க.

சில வண்டிக் கையேட்டுல உசரம் இருக்காது, மில்லி கணக்கு மட்டும்தான் இருக்கும். அப்போ ஒரு தடவை ஃபோர்க்கை முழுசாப் பிரிச்சுக் கழுவிக் காய வச்சு, அந்த மில்லியைச் சரியா ஊத்தி, மட்டம் எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த தடவைக்கு அதுதான் உங்க மறுகால். இன்னொண்ணு, வடிச்ச பழைய எண்ணெயைத் தயவுசெஞ்சு வாய்க்கால்லயும் சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. அது எங்கேயோ ஒரு வயல்லதான் வந்து சேரும்.

அந்தக் கருவி இப்போ தொழுவத்து ஆணியில தொங்குது. எங்க தெருவுல அஞ்சு பேர் வாங்கிட்டுப் போயித் திருப்பித் தந்திருக்காங்க. பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல என் வண்டியோட சேத்து ஆறு வண்டிக்கு மட்டம் எழுதி வச்சிருக்கேன். வீட்டம்மா இப்பவும் பின்னால ஏறுறதுக்கு முன்னால முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டுத்தான் ஏறுதா.