கூடம் நிஜமாவே கோணலா இருந்தா? நடுப்போட்டியில் பிஸ்டல் மக்கர் பண்ணினால் என்ன நடக்கும்?

2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. நம்ம நேரத்துக்குக் காலை ஐந்தரை மணி. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று தொடங்கியது. மனு பாகருக்கு அப்போது 19 வயது. முதல் பத்து குண்டுகளில் 100-க்கு 98. பதினாறு குண்டுகள் முடிந்த நிலையில் கையில் இருந்த பிஸ்டல் மக்கர் பண்ணியது. பயிற்சியாளர் ரோனக் பண்டிட்டோடு சுடும் இடத்தை விட்டு வெளியே போய், சரிசெய்து, திரும்பி வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாக்கி 44 குண்டு. இருந்த நேரமோ 40 நிமிடத்துக்கும் குறைவு. கடைசியில் 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த எட்டாவது ஆளின் புள்ளி 577.

அன்றைக்கு மதியம் பட்டுக்கோட்டையில் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரே வரி போட்டார்: 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.' கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. நானும் ஒன்று போட்டேன், மறைப்பானேன்.

கூடம் நிஜமாவே கோணலாக இருந்தால் என்ன பண்ணுவது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியும் ஒரு மெஷின்தான். மெஷின் என்றால் நிற்கும், அடைக்கும், உடையும். அது நிற்கிற நொடியில் மனுஷன் என்ன செய்கிறான் என்பதில்தான் புள்ளியும் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது.

இதே சித்தப்பாவுக்கு மெஷின் அடைப்பு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்க பக்கம் சம்பா அறுப்பு தை மாதத்தில். அந்த நேரம் பார்த்து ஒரு மழை பெய்து பயிர் சாய்ந்துவிட்டால், அறுவடை மெஷின் ஈரத் தாளை இழுத்து இழுத்துத் திணறும். உள்ளே இழுக்கணும், அடிச்சு நெல்லைப் பிரிக்கணும், வைக்கோலை வெளியே தள்ளணும். இதில் ஏதோ ஒரு வேலை தடங்கினாலும் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். வாடகை மணிக் கணக்கில் ஓடுகிறது. அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அவசரத்தில் எஞ்சினை நிறுத்தாமலே கையை உள்ளே விடுகிற ஆட்கள் உண்டு. அப்படி இரண்டு விரல் போனவர் ஒருவர் எங்க தெருவிலேயே இருக்கிறார். 'எஞ்சின ஆஃப் பண்ணுடா மொதல்ல' என்று வரப்பிலிருந்து கத்துவது வழக்கமாக சித்தப்பாதான்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது, கண் இமைக்கும் நேரத்துக்குள். ட்ரிகரை அழுத்தியதும் தோட்டா வெடித்து, குண்டு குழல் வழியே முன்னால் போகிறது. அதே விசை ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி, காலியான கேஸைப் பிடித்து வெளியே இழுக்கிறது. எஜெக்டர் அதைத் தட்டிவிடுகிறது. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது போகிற போக்கில் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டாவை சேம்பருக்குள் ஏற்றிவிடுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகரை ஒருமுறை அழுத்தணும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அதனால்தான் 'செமி'.

மனு டோக்கியோவில் அன்று சுட்ட ஏர் பிஸ்டல் இந்த வகை அல்ல. அது காற்றழுத்தத்தில் இயங்குவது, ஒவ்வொரு குண்டையும் கையால் போட வேண்டும். ஆனால் அவர் சுடும் இன்னொரு பிரிவான 25 மீட்டர் பிஸ்டலில் பயன்படுவது .22 செமி ஆட்டோமேட்டிக். 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிக்காக திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது ஊரே கூடியதே, அப்போது பலருக்கும் பிஸ்டல் என்பது போலீஸுக்கு வெளியேயும் ஒரு விளையாட்டுச் சாமான் என்று தெரிந்தது.

.22 தோட்டாவுக்கு என்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. வெடிக்கத் தூண்டும் மருந்து, பெரிய தோட்டாக்களில் போல அடிப்பாகத்தின் நடுவில் இருக்காது, விளிம்பைச் சுற்றி இருக்கும். அது ஒரே சீராகப் பரவாத இடத்தில் ஃபயரிங் பின் அடித்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி, வெடிக்காது. ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகும் கரியும் ஈயப் பிசிறும் சேம்பரில் படிந்து, நாளடைவில் தோட்டா உள்ளே போகவும் மறுக்கும், கேஸ் வெளியே வரவும் மறுக்கும். கேஸ் பாதி வெளியே வந்து ஸ்லைடில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்பதும் உண்டு. மேகசினின் வாய் விளிம்பு லேசாக வளைந்திருந்தால் தோட்டா கோணலாக ஏறும். பெரும்பாலான ஜாமுக்குக் காரணம் மேகசின், தோட்டா, அழுக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான். பிஸ்டலைக் குறை சொல்வதற்கு முன்னால் மேகசினை மாற்றிப் பார் என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான்.

சத்தம் போடாத குண்டுதான் ஆபத்து

சினிமாவில் துப்பாக்கி சுடவில்லை என்றால் ஹீரோ அதைத் தட்டுவார், குலுக்குவார், காமெடியன் குழலுக்குள் எட்டியே பார்ப்பார். நிஜத்தில் 'டிக்' என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கின் பக்கமே நீட்டி, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 30 விநாடி என்பது பல ரேஞ்சுகளில் உள்ள வழக்கம். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். குழலை எட்டிப் பார்க்கிற நேரத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட மோசம், வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொத்' என்று மட்டும் கேட்பது. தோட்டாவில் மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொரு குண்டைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். 1993 மார்ச் 31 அன்று 'தி க்ரோ' படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்ததும் குழலில் சிக்கிய குண்டால்தான். அது ரிவால்வர். காட்சிக்காகப் போட்ட டம்மி தோட்டாவின் குண்டு ஒன்று குழலில் சிக்கியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு சத்தத்துக்காக மட்டும் சுட்ட வெற்றுத் தோட்டாவின் விசை, அந்தக் குண்டை வெளியே தள்ளியது. நடுவில் ஒரு ஆள் குழலைப் பார்த்திருந்தால் போதும்.

குழலை எந்நேரமும் இலக்கின் பக்கமே வைத்திரு என்ற விதியை நம்ம ஊர்ப் பக்கம் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தபோது, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பலனின்றி 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். அதை நான் பிஸ்டல் கோளாறோடு சேர்க்கவில்லை. திசை தவறிய ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும், யாரைத் தேடிப் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போலீஸ், ராணுவப் பயிற்சியில் ஜாம் ஆனால் உடனே கையாலேயே சரிசெய்யச் சொல்லித் தருவார்கள். மேகசினை அடியில் தட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்து விடு, மறுபடி குறி பார். எதிரில் ஆள் நிற்கும்போது நடுவரைக் கூப்பிட முடியாது, சரிதான். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 25 மீட்டர் விதி நேர் எதிர். பிஸ்டல் நின்றால் குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு, காலியாக இருக்கும் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவர் வந்து பார்ப்பார். வெடிக்காத தோட்டா, வெளியே வராத கேஸ், வேலை செய்யாத ட்ரிகர் போன்றவை ஏற்கத்தக்க கோளாறு. பிரிவுக்கேற்ப மீதியைச் சுடவோ, அந்தச் சுற்றைத் திரும்பச் சுடவோ வாய்ப்பு கிடைக்கும். சேஃப்டியை எடுக்க மறந்தது, தோட்டாவே போடாதது உங்கள் தப்பு. நடுவர் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே ஸ்லைடில் கை வைத்தாலும் கோளாறு உங்கள் கணக்குதான்.

எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். நிறுத்துகிறவருக்கு நஷ்டம் இல்லை, அவசரப்பட்டுக் கை வைக்கிறவருக்குத்தான் நஷ்டம். அறுவடை மெஷின் வாடகையிலும் இப்படி ஒரு விதி இருந்தால் எங்க தெருக்காரருக்கு இரண்டு விரல் மிஞ்சியிருக்கும்.

கடிகாரம் நிற்கவில்லை

ஆனால் டோக்கியோவில் மனுவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 10 மீட்டரில் 60 குண்டுக்கு 75 நிமிடம். துப்பாக்கி நின்றால் சரிசெய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'வேற துப்பாக்கி எடுத்திருக்கலாமே' என்று அன்று எல்லோரும் கேட்டோம். கைப்பிடி ஒவ்வொருவரின் உள்ளங்கைக்கும் ஏற்ப செதுக்கி எடுக்கப்படுவது. குறிபார்க்கும் பகுதியும் ட்ரிகரின் எடையும் மில்லிமீட்டர், கிராம் கணக்கில் பழக்கப்பட்டவை. இன்னொன்றை எடுத்தால் சோதனைக் குண்டுகள் சுட்டுப் பார்க்கணும், அதற்கும் நேரம் போகும். பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதே பிஸ்டலைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்கள். பிஸ்டல் நின்றுபோய், கால் மணி நேரத்துக்கு மேல் இழந்து, பதற்றத்தோடு வந்த 19 வயதுப் பெண் இரண்டே புள்ளியில் தவறவிட்டதை 'சாக்கு' என்றோம்.

என் வருத்தம் வேறு இடத்தில். இந்தத் தரத்து விளையாட்டு பிஸ்டல்கள் சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஒரு சின்ன லீவர் உடைந்தாலும் அங்கிருந்துதான் வரணும். 1966-லிருந்து திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை இயங்குகிறது, அங்கே தாக்குதல் ரைஃபிளே தயாராகிறது. தஞ்சை, திருச்சி வட்டாரத்தில் ஐடிஐ, பாலிடெக்னிக் படித்து லேத்தில் நூலளவு துல்லியமாக வேலை பார்க்கிற பசங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் விளையாட்டு பிஸ்டலைத் திறந்து பார்த்து, எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த டெக்னீஷியன் என்ற வேலையை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. வீராங்கனைக்குப் பரிசுத் தொகை அறிவிக்கிறோம். அவர் கூடவே டூல் பெட்டியோடு போகிற ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்பதில்லை. மாவட்டந்தோறும் உள்ள ரைஃபிள் கிளப்புகளில் உரிமத்தோடு இப்படி ஒருவரைப் பயிற்றுவித்து வைத்தால், பாதி ஜாம் போட்டிக்கு முன்னாலேயே பிடிபட்டுவிடும்.

கிளப்பில் சேரும் புதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் குறி பார்க்கக் கற்றுத் தருவதற்கு முன்னால், கையைத் தூக்கி நிறுத்தக் கற்றுத் தரணும் என்பேன். வெடிக்காத டம்மி தோட்டாவை மேகசினில் ஒளித்து வைத்து, எதிர்பாராத நேரத்தில் 'டிக்' கேட்க வைத்து, அப்போது அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. வெட்கப்பட்டுக்கொண்டு கையைத் தூக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். தனக்குத்தான் சுடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்ததில் எங்க வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாகர் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு கலப்புப் பிரிவில் இன்னொன்று. குரூப்பில் சித்தப்பா மூவர்ணக் கொடியும் கைதட்டலும் போட்டார். நான் மேலே தள்ளிக்கொண்டே போய் 2021 ஜூலைக்கு வந்தேன். அந்த ஒற்றை வரி அப்படியே இருந்தது, கீழே என் எமோஜியோடு. அதை எடுத்து அவருக்கே ரிப்ளை பண்ணினேன். இரண்டு நீல டிக் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து போன் பண்ணி, 'ஏம்ப்பா, அன்னைக்கு அவ கைல இருந்த மெஷினுக்கு என்னதான் ஆச்சு?' என்று கேட்டார்.