கொள்முதலுக்குப் போகிறோம், ஊரைப் பார்த்தோமா?



விலை ஏற்ற இறக்கம், வரிக் கணக்கு, அதிகாரிகள் சோதனை, பெரிய கம்பெனிகளின் போட்டி என்று நமது இதழில் எழுத எத்தனையோ இருக்கிறது. அப்படியிருக்க, வ. புதுப்பட்டி பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் அருவியையும் மலையையும் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை பொறுமையாகப் படித்துவிட்டு, நான் சொல்வது தவறு என்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் வியாபாரியைப் போல ஊர் சுற்றுகிறவன் யாருமில்லை. அதே சமயம், வியாபாரியைப் போல ஊரைப் பார்க்காதவனும் யாருமில்லை. என்னையே உதாரணமாகச் சொல்கிறேன்.

1984-ஆம் ஆண்டிலிருந்து ஏலக்காய், மிளகு வாங்குவதற்காகப் போடிக்கும் குமுளிக்கும் போய் வருகிறேன். விடியற்காலை பஸ் ஏறி, சரக்கைப் பார்த்து, விலை பேசி, மூட்டையை லாரி ஷெட்டில் போட்டுவிட்டு அன்று இரவே வீடு திரும்பிவிடுவேன். குமுளியில் எந்தக் கடையில் மிளகு காய்ந்து இருக்கும், எந்தக் கடையில் ஈரம் இருக்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால், குமுளியிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் தேக்கடி ஏரியை முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் பார்த்ததே இல்லை.

“தேக்கடியில் படகு விடுகிறார்களாமே, ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்களேன்” என்று என் வீட்டம்மா கேட்காத ஆண்டு கிடையாது. “தீபாவளிச் சரக்கு இறங்கட்டும்” என்பேன். தீபாவளி முடிந்தால் “பொங்கல் முடியட்டும்” என்பேன். பொங்கல் முடிந்தால் மார்ச் மாதக் கணக்கு வந்துவிடும். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் முடிந்து, பேரனும் பிறந்துவிட்டான்.

கடைசியாக 2022-இல்தான் போனோம். அவளுக்கு அதற்குள் மூட்டு வலி வந்துவிட்டது. இரண்டு பேர் கைபிடித்துத்தான் படகில் ஏற்றினோம். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் நின்றன. 1895-இல் பென்னிகுவிக் துரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அந்த ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வந்து, கம்பம் பள்ளத்தாக்கு நெல்லாகவும் மதுரைக்குக் குடிநீராகவும் ஆகிறது. கரையில் ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு பக்கத்திலா இருந்தது?” என்று மட்டும் கேட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

சரக்கு இருக்கும் இடத்தில் இயற்கையும் இருக்கிறது

இதற்குப் பிறகுதான் நான் கொள்முதலுக்குப் போகும் ஊர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நாம் வாங்கும் சரக்கெல்லாம் மண்ணிலும் மலையிலும் விளைவதுதானே? ஆகவே நல்ல சரக்கு கிடைக்கும் ஊருக்குப் பக்கத்தில் பார்க்கத்தக்க இடம் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது.

பூண்டு வாங்க வடுகபட்டிச் சந்தைக்குப் போகாத மளிகை வியாபாரி நம் பக்கத்தில் குறைவு. அங்கிருந்து சிறிது தூரத்தில், கொடைக்கானல் மலை அடிவாரத்தில் கும்பக்கரை அருவி இருக்கிறது. ஏலக்காய்க்காகப் போடிக்குப் போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறினால், நாம் வாங்கும் ஏலக்காய் நிழலில் விளையும் தோட்டத்தையே பார்க்கலாம். அந்தச் சாலை மூணாறு போகிறது. மூணாறை ஒட்டிய இரவிகுளத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030-இல்தான். அந்த ஆண்டு போடிக்குப் போகிறவர்கள் சிட்டையில் இப்போதே குறித்து வையுங்கள்.

மஞ்சள் ஏலத்துக்கு ஈரோடு போனால், பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறை பக்கத்தில்தான். கோபி போகும் வழியைப் பிடித்தால் கொடிவேரித் தடுப்பணையில் குளித்துவிட்டு வரலாம். ஜவ்வரிசிக்குச் சேலம் போகிறவர்களுக்கு ஏற்காடு தலைக்கு மேலேயே இருக்கிறது. வற்றலுக்குக் குண்டூர் போகிறவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணா நதியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாலை விஜயவாடாவில் இறங்கி பிரகாசம் தடுப்பணை மேல் நின்றால் அந்த நதியின் அகலம் தெரியும். மிளகுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி போகிறவர்கள், பக்கத்தில் கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகள் தண்ணீரிலிருந்து எழுவதைப் பார்க்க அரை மணி ஒதுக்கினால் போதும்.

இதற்கெல்லாம் தனியாகச் செலவு என்ன ஆகிவிடும்? எப்படியும் போகிற ஊர். கூட ஒரு டிக்கெட், கூட ஒரு நாள். அவ்வளவுதான்.

“கடையை அடைத்தால் யார் சோறு போடுவது?”

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் மளிகைக் கடை அண்ணாச்சியின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு நாள் கதவு மூடியிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அங்கே பற்று எழுதப் பழகிவிடுவார் என்ற பயம். இப்போது செல்போனில் சொன்னால் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் மே 5, வணிகர் தினத்தன்று நாம் எல்லோரும் கடையடைக்கிறோமே, அன்று எந்தக் கடையின் வாடிக்கையாவது போய்விட்டதா? முந்தின நாள் இரவே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து அடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ, அல்லது தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோ சங்கமே முடிவு செய்யலாம். பெரிய கம்பெனியோடு போட்டி போட வேண்டியவன் முதலில் உடம்போடு இருக்க வேண்டும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வியாபாரி எத்தனை பேர் இருக்கிறோம் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

உள்ளூர் மலையின் கதை

வெளியூர் இருக்கட்டும். ‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பார்கள். நமக்கு மேற்கே நிற்கும் மலையின் கதையும் அதுதான்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் அருவி இருக்கிறது. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் பிடித்து நகரம் குடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. எங்களுக்குப் பிளவக்கல் அணையும் தாணிப்பாறையும், மேலே சதுரகிரி மகாலிங்கமும். இந்தக் காட்டை 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். நீண்ட வால் கொண்ட அந்த அணில் மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும், தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை தொட்டு நிற்கும் காடு இருந்தால்தான் அது பிழைக்கும். 2021-இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. இதைப் பார்க்க வெளிமாநிலத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாமோ கல்லாவில் உட்கார்ந்தபடி மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்ப்பதோடு சரி.

அந்த மேகத்துக்கும் நம் கல்லாவுக்கும் உள்ள சம்பந்தம் நமக்குத்தான் நன்றாகத் தெரியும். மலையில் மழை பெய்தால் பிளவக்கல் நிறையும். கண்மாய் நிறைந்தால் நெல் நடுவார்கள், தென்னை காய்க்கும், அறுவடை முடிந்ததும் பாக்கி வசூலாகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது என் பேரேட்டில் நின்ற பாக்கியில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் இல்லை என்று தெரியும்.

தேக்கடிக்குப் போய் வந்த அடுத்த ஆண்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு ஓர் அமாவாசைக்குச் சதுரகிரி ஏறினேன். வீட்டம்மாவால் வர முடியவில்லை. கால் நன்றாக இருந்த காலத்தில் கூட்டிப் போகாதவன் நான்தான். தாணிப்பாறையிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். மாங்கனி ஓடைப் பக்கம் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். பேரன் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தவன், “தாத்தா, நம்ம கடைப் பை!” என்று கத்தினான்.

பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தது என் கடையின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பைதான். 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் தடை வந்தபோது என் கோடவுனில் மிச்சம் இருந்ததை, “முதல் போட்ட சரக்கு, தீரட்டும்” என்று சில மாதம் ஓட்டினேன். அதில் ஒன்று நான்கைந்து ஆண்டுகளாக அந்த ஓடையில் கிடக்கிறது. எழுத்துகூட அழியவில்லை. அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். பேரன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை.

தடை வந்தபோது நம் சங்கங்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆரம்பத்தில் கம்பெனி பாக்கெட்டுக்கு விலக்கு, சிறு கடைக்காரனுக்கு அபராதமா என்று நானும் கோபப்பட்டவன். இன்றும் அதைக் கேட்க வேண்டும். ஆனால் ஓடையில் கிடந்த பையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. என் பெயர்தான் இருந்தது. மலையை நேரில் போய்ப் பார்த்திருந்தால் அந்த மிச்சச் சரக்கை நான் அப்போதே எடைக்குப் போட்டிருப்பேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு, கடைப் படி இறங்கிய பை எங்கே போகிறது என்று தெரியவில்லை.

எனது யோசனைகள்

சங்க நிர்வாகிகளின் பரிசீலனைக்காகச் சிலவற்றைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, மேலே சொன்னபடி மாதம் ஒரு நாள் ஒன்றுசேர்ந்து விடுமுறை விட வேண்டும். கடைப் பையன்களுக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை. அவர்களும் மனிதர்கள்தானே?

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை சங்கத்தின் சார்பில் குடும்பத்தோடு ஒரு பஸ் பயணம் ஏற்பாடு செய்ய வேண்டும். வெகு தூரம் வேண்டாம். முதல் ஆண்டு செண்பகத்தோப்பும் பிளவக்கல்லும் போதும்.

மூன்றாவது, தாணிப்பாறை வழியில் கடை வைத்திருப்பவர்களும், அவர்களுக்குச் சரக்குப் போடும் என்னைப் போன்றவர்களும் சேர்ந்து தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கும் முறையைக் கொண்டுவர வேண்டும். கோலி சோடாக் காலத்தில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் காசு திரும்பும். அது நமக்குப் புதிதல்ல. நீலகிரியில் 2022 முதல் காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். குடிகாரனே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, மகாலிங்கத்தைக் கும்பிட வருகிறவர் கொடுக்க மாட்டாரா? துணிப் பையும் நாமே தைத்து விற்கலாம். அதிலும் நாலு காசு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அதேபோல வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனது. இரண்டும் கோடையில் நடந்தவை. கீழே வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டும். ஆகவே வனத்துறை எந்த நாள், எந்த நேரம் அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. அடைத்த பாதையில் ஏறுவதும், மேகம் கருத்த பின் ஓடையில் நிற்பதும் வேண்டாம்.

சகோதரர்களே, லாப நஷ்டக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் நாம். நாற்பது ஆண்டுகளில் நான் அடைக்காமல் திறந்து வைத்த நாட்களால் எவ்வளவு சேர்த்தேன் என்று பேரேட்டைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். வீட்டம்மா ஏறாமல் போன மலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

அடுத்த முறை ஏலக்காய்க்கோ பூண்டுக்கோ புறப்படும்போது இரண்டு டிக்கெட்டாக எடுங்கள்.