பெயிண்டர் கையிலிருந்த சீப்பு

கியூபிசம் என்றதும் பிக்காஸோ என்கிறோம். அதே வேளையில், அதே வேகத்தில் அவரோடு சேர்ந்து அதை உருவாக்கிய ஜார்ஜ் பிராக்கை மறந்துபோகிறோம். அந்த மனுசனைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று நினைக்கிறேன், தோழர்களே.

1882-ல் பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து, லெ ஆவ்ர் துறைமுகத்தில் வளர்ந்தவர். அப்பா, தாத்தா இருவருமே வீடுகளுக்கு வர்ணமடிக்கும் தொழிலில் இருந்தவர்கள். பிராக்கும் அதைத்தான் முறையாகக் கற்றார். மலிவான பலகையை உயர்ந்த மரமாகக் காட்டுவது, வெறும் சுவரைப் பளிங்காக்குவது, வெட்டிய தகட்டை வைத்து எழுத்துப் போடுவது எல்லாம் அந்த வேலையின் நுணுக்கங்கள். கனவான்கள் பார்வையில் இதெல்லாம் வெறும் கைவேலை. கலையில் சேத்தி இல்ல.

1908-ல் லெஸ்தாக் ஊரின் வீடுகளை வரைந்தார். கதவில்லை, சன்னலில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும் கட்டிகள். லூயி வோசெல் என்ற விமர்சகர் கனசதுரங்கள் என்று கேலி பண்ணினார். கேலியே இயக்கத்துக்குப் பேராச்சு. ஐரோப்பிய ஓவியம் நூற்றாண்டுக் கணக்கில் பார்ப்பவனை ஒரே புள்ளியில் நிறுத்திவைத்திருந்தது. அங்கிருந்து தெரிவதே உண்மை என்றது. இவர்கள் இருவரும் அந்தப் புள்ளியை உடைத்தார்கள். ஒரு வயலினின் பல பக்கங்களை ஒரே படத்தில் சேர்த்து வைத்தார்கள்.

உடைத்த இடத்தில் எதை வைத்துக் கட்டுவது? பிராக் தன் பழைய தொழிலிடம் போனார். 1911-ல் 'போர்த்துக்கீசியர்' படத்தில் தகடு வைத்து எழுத்துகள் போட்டார். வர்ணத்தில் மணலைக் கலந்தார். ஈர வர்ணத்தில் சீப்பை இழுத்து மரவரி உண்டாக்கும் வித்தையைப் பிக்காஸோவுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. 1912-ல், மரவரி அச்சிட்ட சுவர்க்காகிதத்தைக் கடையில் வாங்கி, வெட்டி, ஓவியத்தில் ஒட்டினார்.

1915-ல் போர்முனையில் தலையில் பலத்த காயம். மண்டையோட்டில் அறுவை. பிறகு மறுபடி தூரிகை எடுத்தார். 1953-ல் லூவர் அருங்காட்சியகத்தின் விதானத்தில் அவருடைய பறவைகள் ஏறின. 1963-ல் இறந்தபோது அரசு மரியாதை.

மரியாதை யாருக்கு? மேதைக்கு. பெயிண்டருக்கு இல்லை. 'மேதை' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால், அந்தக் கை எங்கே பழகியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாம் கேட்க வேண்டும். நவீன ஓவியத்தை மாத்தின கருவிகளில் ஒண்ணு, வீட்டுக்கு வர்ணமடிக்கிறவனோட சீப்பு. அதைச் சொல்லாத கலை வரலாறு, பாதி வரலாறுதான்.