‘எல்லா மனிதரும்’ யாவர்?

உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்திலே, ‘எல்லா மனிதருக்கும்’ எனப் பொருள்படும் ஒரே கிரேக்கத் தொடரைப் பவுல் இருமுறை ஆளுகின்றார்: ஆதாமினால் வந்த ஆக்கினைக்கு ஒருமுறை, கிறிஸ்துவினால் வந்த நீதிக்கு மறுமுறை. முன்னதில் மானிடர் அனைவரையும் கொள்வோர் பின்னதில் மட்டும் அத்தொடரைச் சுருக்குவது எந்நியாயம்?

எல்லோரும் மீட்படையக் கடவுள் விரும்புகின்றார் எனத் தீமோத்தேயுவுக்கான முதல் நிருபம் கூறுவதை, எல்லா வகையான மனிதரும் எனக் குறுக்கி உரைத்தார் அகுஸ்தீனார். கல்வினும் அவ்வழியே சென்றார். 1618–1619இல் கூடிய டோர்ட் மாமன்றமோ, கிறிஸ்துவின் மரணம் அனைவர்க்கும் போதுமானதாயினும் தெரிந்துகொள்ளப்பட்டோரையே மீட்கும் என வரையறுத்தது.

முந்திய வசனம் ‘பெறுவோர்’ என்கின்றதே எனச் சிலர் வாதிப்பர். அது பெறும் முறையைச் சுட்டுவதன்றிக் கொடையின் எல்லையைக் குறுக்குவதன்று. தண்டனைக்கு அகலமாகவும் அருளுக்கு ஒடுக்கமாகவும் ஒரே சொல்லை அளப்பது உரையாகாது. கொள்கைக்கேற்ப மூலத்தை வெட்டுதலேயாகும்.