மறுக்கத் தெரிந்த கார்

அரைக் கோடி ரூபாய்க்கும் அதிக விலையுள்ள மின்சாரக் கார் பேத்தமங்களாவில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. பிளக்கைச் செருகியாகிவிட்டது. வீட்டில் விளக்கு எரிகிறது, கிரைண்டர் ஓடுகிறது. சார்ஜரில் மட்டும் சிவப்பு விளக்கு. கார் மின்சாரத்தை ஏற்க மறுக்கிறது.

பெங்களூரிலிருந்து சொந்த ஊருக்கு இத்தகைய காரில் வருபவர்கள் சந்திக்கக்கூடிய சங்கடம் இது. வழியில் பிரச்சினை இல்லை. ஹொசகோட்டேயிலிருந்து பேத்தமங்களா வரை 71 கி.மீ. அதிவிரைவுச் சாலை 2024 டிசம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. அதே ஹொசகோட்டேயில் 2022இல் வால்வோ நிறுவனம் பூட்டத் தொடங்கிய எக்ஸ்சி40 ரீசார்ஜ் காரின் பேட்டரி 78 யூனிட் கொள்ளும். வேகமும் ஏ.சி.யும் தூரத்தைக் குறைத்தாலும் போய்வரத் தாராளம். யூனிட் 6 ரூபாய் என்றாலும் முழு சார்ஜுக்குச் சுமார் 500 ரூபாய்தான். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் அதற்கு ஒரு நாள் முழுக்க ஆகும். ஆனால் ஒரு இரவு போட்டாலே திரும்பிப் போகப் போதும்.

போட முடிந்தால்தானே? இத்தகைய சார்ஜர்கள் முதலில் எர்த் இணைப்பைத்தான் சோதிக்கின்றன. பல பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இருந்தாலும் அது போய்ச் சேரும் குழி காய்ந்து கிடக்கும். கோலார் மாவட்டத்தின் வறண்ட, பாறைப்பாங்கான நிலத்தில் மின்கசிவை மண் எளிதில் வாங்கிக்கொள்வதில்லை.

பரிகாரம் பழையது: ஆழமாகக் குழி தோண்டி, குழாயோ செப்புத் தகடோ இறக்கி, கரியும் உப்பும் நிரப்பி, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த கம்பி இழுப்பது நல்லது. காரின் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. ஆனால் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து சார்ஜரை ஏமாற்றும் குறுக்குவழியும் உண்டு. நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பே ஷாக் அடிக்கும்.

இந்தப் பகுதிக்கு மின்சாரம் புதிதல்ல. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி வழியே பக்கத்திலிருக்கும் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சுரங்க இயந்திரங்களுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே வந்த மின்சாரம், சுற்றுப்புற வீடுகளுக்குள் முழுப் பாதுகாப்போடு வந்து சேர்ந்ததா என்பதை இப்போது ஒரு கார் வந்து கேட்கிறது.

எர்த் போட்டதும் சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும், கார் பெங்களூர் திரும்பிவிடும். அதுவரை எர்த் இல்லாத அதே பிளக்கில்தான் ஈரக் கையோடு மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். கிரைண்டருக்கு மறுக்கத் தெரியாது.