கோலம் போடுற கைக்குக் கூடம் எதுக்கு?

எங்கள் பண்டசோழநல்லூரில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் பெரிய கலகம் வெடிப்பதில்லை. "நர்சிங் சேரலையா?" என்று ஒரு சித்தப்பா கேட்பார். "பொம்பளப் புள்ளதானே, ஏதோ ஒரு டிகிரி இருக்கட்டும்" என்று அப்பாவே பதிலும் சொல்லிவிடுவார். அதே படிப்பைத் தம்பி கேட்டிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். சம்பாதிக்க வேண்டியவன் படம் வரைந்துகொண்டு உட்காரலாமா? பெண்ணையும் ஓவியத்தையும் ஒருசேர யாரும் பொருட்படுத்தாததால்தான் பெண்ணுக்கு ஓவியப் படிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது. இதைச் சுதந்திரம் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை.

உண்மையான மறுப்பு சேர்க்கைக்குப் பிறகு தொடங்குகிறது. ஓவியம், சிற்பம் என்பவை கூடத்தில் நின்று கற்க வேண்டிய படிப்புகள். நான் தமிழ் படித்தவள். எம்.ஏ. பாடத்தில் பாதியைப் பேருந்தில் படித்தேன், மீதியை அடுப்படியில் படித்தேன். நன்னூலை மடியில் வைத்துக்கொண்டு சோறு வடிக்கலாம். சிற்பத்தை அப்படிக் கற்க முடியாது. களிமண் உருவத்தை ஈரத்துணி போட்டு மூடி வைக்காவிட்டால் மறுநாள் வெடித்துக் கிடக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்தால் அரைமணிக்குள் இறுகிவிடும். அம்மா கூப்பிடுகிறாள் என்று பாதியில் எழுந்து போக முடியாது. எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காய நாள்கணக்கில் ஆகும். இந்தப் படிப்புக்கு அறை வேண்டும், அந்த அறையில் நீண்ட நேரம் வேண்டும், மனித உடலை உற்றுப் பார்க்கும் உரிமை வேண்டும். பெண்ணுக்குச் சேர்க்கைச் சீட்டைக் கொடுத்துவிட்டு இம்மூன்றையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

நேரத்தை முதலில் பார்ப்போம். நுண்கலையும் இசையும் நடனமும் கற்பிக்கப் புதுச்சேரி அரசு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடத்தை வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் அங்கே போகவேண்டும் என்றால் பேருந்து மாற வேண்டும். வகுப்பு முடிந்ததும் கிளம்பினால்தான் பொழுதோடு வீடு சேரலாம். எந்தக் கலைக் கல்லூரியிலும் வகுப்பு முடிந்த பிறகுதான் கூடம் உயிர் பெறும். ஆசிரியர் போன பின் தனக்காக வரைவது, சீனியர்களின் கையைப் பார்த்துத் திருடிக் கற்பது, கெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். அந்த நேரத்தில் பையன்கள் கூடத்தில் இருக்கிறார்கள். பெண்கள் வில்லியனூர் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். நான்கு ஆண்டுக்குப் பின் "பசங்க வேலையில ஒரு முரட்டுத்தனம் இருக்கு, பொண்ணுங்க வேலை நீட்டா இருக்கு" என்று மதிப்பிடுவார்கள். இயல்பின் வேறுபாடு என்று அவர்கள் சொல்வது பேருந்து நேரத்தின் வேறுபாடு.

நம் ஊர் கலை என்றாலே பிரெஞ்சுக்காரனைக் காட்டும். அந்தப் பிரான்சின் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான எக்கோல் தே போசார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. புதுச்சேரி முழுக்க 'ஸ்ரீ அன்னை' என்று அறியும் மிர்ரா அல்ஃபாஸா 1893-இல், 15 வயதில், ஓவியம் கற்கச் சேர்ந்த இடம் அகாதெமி ஜூலியன் என்ற தனியார் பள்ளி. அரசுப் பள்ளியின் கதவு மூடியிருந்ததால் பெண்கள் அங்கே போனார்கள். ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டணம் கட்டினார்கள். லண்டன் ராயல் அகாதெமி 1768-இல் தொடங்கியபோது ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரு பெண்கள் நிறுவன உறுப்பினர்கள். சில ஆண்டுகளில் ஜொஹான் ஜொஃபானி உறுப்பினர்களைக் குழுவாக வரைந்தார். ஆடையற்ற மாடலைச் சுற்றி ஆண்கள் நிற்கிறார்கள். அந்த அறைக்குள் பெண் வரக்கூடாது என்பதால் இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாகத் தீட்டிவிட்டார். அடுத்த பெண் முழு உறுப்பினராக 1936 ஆகிவிட்டது. லிண்டா நாக்லின் 1971-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கேட்டது இதைத்தான்: உடலை வரையக் கற்கும் அறைக்குள் விடாமல், ஏன் பெரிய பெண் ஓவியர்கள் இல்லை என்று கேட்பது என்ன நியாயம்?

தமிழ் மரபு இதில் மேலானதா? மணிமேகலையைப் புரட்டுங்கள். நாடக மகளிர் கற்றுத் தேற வேண்டியவற்றில் ஓவிய நூலும் ஒன்று. அதாவது பெண்ணுக்கு ஓவியக் கல்வி உண்டு, பாடநூலும் உண்டு. குலமகளுக்கு மட்டும் இல்லை. மணவாழ்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டவளுக்குக் கலையும் உள்ளே பூட்டப்பட்டவளுக்குக் கற்பும் என்று பிரித்துக் கொடுத்த சமூகம் இது. "ஆர்ட்ஸ் காலேஜ் போனா பொண்ணு கெட்டுடும்" என்ற இன்றைய அச்சத்தின் வேர் அங்கே இருக்கிறது. பக்கத்துப் பனமலையில் பல்லவர் காலத்து உமை ஒரு காலை மடித்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். ஓவியத்தில் பெண் எப்போதும் இருந்தாள். பார்க்கப்படுபவளாக இருந்தாள்.

பார்ப்பவளாக அவள் மாறும்போது என்ன நடக்கிறது? நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு ஒரு மாணவி தன் அம்மாவின் வயிற்றைக் கரிக்கோலால் வரைந்து கொண்டுவந்தாள். மடிப்புகள், பிரசவக் கோடுகள், அறுவைத் தழும்பு. வேறெதுவும் இல்லை. "பேரன்ட்ஸ் வர்ற இடம்" என்று சொல்லிப் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அதே கட்டடத்தின் வரவேற்பறையில் திறந்த மார்போடு ஒரு சிமெண்டு மோகினி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள். ஆண் கற்பனை செய்த மார்பு கலாச்சாரம். மகள் கண்ணால் பார்த்த வயிறு ஆபாசம்.

சென்னைக் கலைப்பள்ளி 1850-இல் தொடங்கியது. அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையைப் புரட்டும் நால்வரும் ஆண்கள். தமிழ்நாட்டில் எந்தக் கட்டுமான வேலைக்குப் போனாலும் தலையில் பாண்டு சுமந்து ஏறும் சித்தாளைப் பார்க்கலாம். உழைப்பு என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்தபோது அவள் விடுபட்டுப்போனாள். அதே பள்ளியில் 1960-களில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர் பொன்னானி பக்கத்திலிருந்து வந்த டி.கே. பத்மினி. பெண்ணுடலைப் பெண்ணின் கண்ணால் வரைந்தார். 1968-இல் திருமணம். 1969-இல் பிரசவத்தில் இறந்தபோது அவர் முப்பதைத் தொடவில்லை. பணிக்கரின் பெயர் தெரிந்த நம் மாணவிகளில் எத்தனை பேருக்குப் பத்மினியின் பெயர் தெரியும்?

இந்த இடத்தில் நம் பெண்ணியத் தோழிகள் சிலரோடும் நான் சண்டையிட வேண்டும். "நம் பெண்கள் பிறவி ஓவியர்கள், கோலமே பெருங்கலை" என்று எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் நாற்பது புள்ளி சிக்குக்கோலத்தை அழிக்காமல் போடும் ஆயாக்கள் இருக்கிறார்கள். அந்தத் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோலத்தின் விதிகளைப் பாருங்கள். வாசலைத் தாண்டக்கூடாது. விடிவதற்குள் முடிக்க வேண்டும். கையெழுத்து இல்லை. மதியத்துக்குள் மிதிபட்டு அழிய வேண்டும். தீட்டு நாளில் தொடக்கூடாது. இந்த விதிகளை விமர்சிக்காமல் கோலத்தை மட்டும் புகழ்வது, "கோலம் போடுற கைக்குக் கூடம் எதுக்கு?" என்று கேட்கும் மாமனாருக்குக் கோனார் நோட்ஸ் எழுதிக் கொடுப்பது போல.

மண்ணுக்கும் இதே கதைதான். வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த நாட்டின் பல குயவர் குடும்பங்களில் மண்ணை மிதிப்பவளும் பிசைபவளும் காயவைப்பவளும் பெண். சக்கரத்தில் உட்காருபவர் ஆண். சக்கரத்தைப் பெண் தொடக்கூடாது என்ற விலக்கே பல இடங்களில் உண்டு. மானாமதுரையில் கடத்தைத் தட்டித் தட்டிச் சுதி சேர்க்கும் மீனாட்சி அம்மாளுக்கு 2014-இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. வாசித்தவர்களுக்குத்தான் அதுவரை கைதட்டல். செய்தவளின் கை அப்போதுதான் மேடைக்கு வந்தது. எது கலை, எது கைவேலை என்ற கோடு பெண்ணுக்கும் ஆணுக்கும் நடுவில் ஓடுகிறது. சாதிக்கும் சாதிக்கும் நடுவிலும் ஓடுகிறது. ஜெர்மனியின் பௌஹவுஸ் 1919-இல் சமத்துவம் பேசித் திறந்தது. வந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்குத் தள்ளியது. நம்மிடம் ஓவியம் முடித்த பெண்ணை ஆரி வொர்க்குக்கும் மருதாணிக்கும் தள்ளுகிறோம்.

மாடலைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. உருவம் வரையும் வகுப்புகளில் கூலிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வயதானவர்கள். கிராமத்திலிருந்து படிக்கவந்த பெண்ணும் மாடலாக உட்கார்ந்த பெண்ணும் ஒரே சேரியிலிருந்து வந்திருக்கக்கூடும். அவளை வரையும்போது இவள் தன் அத்தையை வரைகிறாள். இந்தக் கண் சென்னைக்கும் கிடைக்காது, பாரிஸுக்கும் கிடைக்காது. இந்தக் கண்ணுக்காகத்தான் எங்கள் பெண்கள் கூடத்துக்குள் போகவேண்டும் என்கிறேன். அழகாக வரைவதற்கு ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

கோரிக்கைகள் எளியவை. கலைக் கல்லூரிகளின் கூடங்கள் இரவு எட்டுவரை பெண்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அதற்கேற்ற பேருந்தும், விடுதியும், பூட்டுப் போட்ட கழிப்பறையும் வேண்டும். உருவம் வரையும் வகுப்பைக் கலாச்சாரத்தின் பெயரால் பெண்களுக்கு மட்டும் சுருக்கக்கூடாது. மாடலுக்குக் கௌரவமான கூலி வேண்டும். மாணவியின் படத்தைக் கழற்றுபவர் காரணத்தை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கல்லூரி விளம்பரங்கள் மாணவிகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு அச்சிடுகின்றன. அதைப் படித்து ஏமாறாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கலைக் கல்லூரிக்கு ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேல் போய், எரியும் விளக்குகளுக்குக் கீழே எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.